தீர்ந்துபோகும் என்று சொன்ன வாய்

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு மண்டபத்தில் மைக்கைப் பிடித்து நான் பேசிய அந்தச் சனிக்கிழமையை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. பேசியதில் ஒரு பொய் கிடையாது. இணைய முகவரிகள் தீர்ந்துகொண்டே வருகின்றன, முகவரிகளுக்கு எண் போடப் புதிய நெறிமுறை ஒன்று வந்துவிட்டது, எல்லோருமாகச் சேர்ந்து அதற்கு மாறினால் பிழைத்தோம் என்றேன். கை தட்டினார்கள். வடையும் தே தாரேக் டீயும் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு அவர்கள் செய்ததைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

தொண்ணூறுகளின் பின்பாதி அது. பெட்டாலிங் ஜெயாவில், அலுவலகங்களுக்கு இணைய லைன் விற்கும் ஒரு சின்ன நிறுவனத்தில் எனக்கு வேலை. எண் கொடுப்பதுதான் என் வேலை. இணையத்தில் இருக்கும் ஒவ்வொரு கணினிக்கும் ஓர் எண் வேண்டும். நாலு துண்டாக, நடுவில் புள்ளி வைத்து எழுதுவோம். அந்த எண் இருந்தால்தான் வெளியில் இருப்பவன் வந்து உங்கள் கதவைத் தட்ட முடியும். உலகம் முழுக்கச் சேர்த்து அந்த எண்கள் நானூற்றுச் சொச்சம் கோடிதான். கேட்பதற்குப் பெரிதாக இருக்கும். ஆரம்பத்தில் வந்தவர்கள் அண்டா அண்டாவாக மொண்டுகொண்டு போய்விட்டார்கள். எங்கள் நிறுவனத்துக்கு வந்தது ஒரு சொம்பு. அந்தச் சொம்பைத்தான் நான் கரண்டி கரண்டியாக ஊற்றிக்கொண்டிருந்தேன்.

அதையாவது ஒழுங்காக ஊற்ற விட்டார்களா? இந்த நாட்டில் நாலாம் நம்பர் வீட்டுக்கு 3A என்று பலகை மாட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். கார் நம்பருக்குச் சண்டை போடுகிறவர்கள் இருக்கிறார்கள். இணைய முகவரி மட்டும் தப்புமா? சீன முதலாளி, தவுக்கே, வருவார், நாலு வரக்கூடாது, நாலு சாவு, எட்டு வரவேண்டும், எட்டு பணம் என்பார். கிள்ளானில் லோரி ஓட்டும் நம்ம ஆள் வருவார், கூட்டினால் எட்டு வரக்கூடாது, எட்டு சனி என்பார். முதலில் நான் சந்தோஷப்பட்டேன். இவர் வேண்டாம் என்பதை அவருக்கும், அவர் வேண்டாம் என்பதை இவருக்கும் கொடுத்தால் ஒன்றும் வீணாகாது என்று கணக்குப் போட்டேன். என்னைப் போல் ஒரு மடச்சி உண்டா? பிடித்த எண் கிடைத்தாலும் பிடிக்காத எண்ணைத் திருப்பிக் கொடுக்க மாட்டார்கள். “அதுவும் இருக்கட்டும் லா, பின்னால பார்த்துக்கலாம்” என்பார்கள். ஒருவர் என்னிடம் வந்து, “தங்கச்சி, நாலுக்குப் பதிலா 3A போட்டுக் குடுக்க முடியாதா?” என்று கேட்டார். புதிய நெறிமுறையில் எண்ணோடு எழுத்தும் வரும், 3A என்றே எழுதலாம், மாறிக்கொள்ளுங்கள் அண்ணே என்றேன். நான் கேலி செய்கிறேன் என்று நினைத்து பாஸிடம் போய்ப் புகார் சொல்லிவிட்டார்.

எங்கள் பாஸும் தமிழர்தான். நல்ல மனிதர், சிரித்த முகம், யாருக்கும் இல்லை என்று சொல்லத் தெரியாது. ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று வாரி வாரி வழங்கினார். “நம்பர் செலக்ட் பண்ண விட்டா கஸ்டமர் ஹேப்பி லா. நமக்கு என்ன நஷ்டம்?” என்பார். இப்படி எல்லோரும் கழித்துக்கட்டிய எண்கள் கொஞ்சம் என்னிடம் மிஞ்சும். கூட்டினால் எட்டு வருவது, நாலில் முடிவது, இரண்டும் சேர்ந்தது. அவற்றை, கேள்வி கேட்காத சின்ன வாடிக்கையாளர்களுக்குக் கொடுத்துவிடுவேன். என் அக்காவுக்குக் கிடைத்ததும் அவைதான்.

அக்கா கிள்ளானில் ஒரு கடை வைத்திருந்தாள். சில கணினிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு ஒலிவாங்கியும் காதில் மாட்டும் கருவியும். வெளிநாட்டில் பிள்ளைகளைப் படிக்க வைத்திருக்கும் பெற்றோர் ஞாயிற்றுக்கிழமை வந்து உட்காருவார்கள். பிள்ளைகள் அங்கிருந்து இணையம் வழியாகக் கூப்பிடுவார்கள். கணினி மணி அடிக்கும். டெலிபோனில் பேசினால் ஆகும் செலவை நினைத்துக்கூடப் பார்க்க முடியாதவர்கள் மணிக்கணக்கில் பேசிவிட்டுப் போவார்கள். ராசியில்லாத எண்கள் என்று நான் அக்காவிடம் சொன்னேன். “எனக்கு எட்டும் ஒண்ணுதான், நாலும் ஒண்ணுதான். மணி அடிச்சா போதும்டி” என்றாள்.

அந்தப் பெற்றோரில் கேரி தீவிலிருந்து வரும் ஓர் அம்மாவை எல்லோருக்கும் தெரியும். எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்கும் வேலை. கணவர் இல்லை. ஒரே மகன் ரஷ்யாவில் டாக்டருக்குப் படித்துக்கொண்டிருந்தான். ஞாயிறு காலையில் தலைக்குக் குளித்து, நல்ல சேலை கட்டி, பஸ் பிடித்து வந்து ஓர் ஓரத்துக் கணினி முன்னால் உட்காருவார். மணி அடித்ததும் கத்த ஆரம்பிப்பார். ரஷ்யா ரொம்ப தூரம் என்பதால் மெதுவாகப் பேசினால் கேட்காது என்பது அவர் நினைப்பு. “சாப்டியாடா? குளிருக்குப் போத்திக்கிறியா?” என்று அவர் போடும் சத்தம் எதிர்க்கடைவரை கேட்கும். மகன் விடுதியில் எல்லோருக்கும் பொதுவான கணினியைப் பயன்படுத்தினான். அவனுக்கென்று ஓர் எண் கிடையாது. அதனால் இங்கிருந்து அவனைக் கூப்பிட வழியில்லை. அவன்தான் அக்கா கடையின் எண்ணுக்குக் கூப்பிட வேண்டும்.

இதையெல்லாம் மனத்தில் வைத்துக்கொண்டுதான் நான் மண்டபம் மண்டபமாகப் போய்ப் பேச ஆரம்பித்தேன். யாரும் என்னைக் கேட்கவில்லை, நானாகப் போனேன். பிரிக்ஃபீல்ட்ஸ் கூட்டத்துக்கு வந்தவர்கள் வியாபாரிகள். கண்ணாடித் தாளில் படம் வரைந்து வெளிச்சம் போட்டுக் காட்டினேன். இந்த எண்கள் நம் பிள்ளைகள் காலத்துக்கு வராது, புதிய நெறிமுறையில் ஒவ்வொரு மனிதருக்கும் வேண்டிய மட்டும் எண் கிடைக்கும், ஆனால் ஒருத்தர் மட்டும் மாறினால் பயனில்லை, எல்லோரும் மாற வேண்டும் என்றேன். முன்வரிசையில் ஒருவர் எழுந்தார். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது, சந்தேகம் கேட்கப் போகிறார் என்று.

“மிஸ், இப்பவே புக் பண்ணிக்கலாமா?” என்றார்.

“எதை அங்கிள்? புதிய முறையையா?”

“இல்லம்மா, பழைய நம்பரை. தீந்து போவுதுன்னு சொல்றீங்களே. என் ரெண்டு மகனுக்கும் சேர்த்து எடுத்து வச்சிக்கிறேன்.”

சீனி கிடைக்காது என்று ஒரு பேச்சு கிளம்பினால் போதும், நம் ஆட்கள் மூட்டை மூட்டையாக வாங்கிக் கட்டிலுக்கு அடியில் வைப்பார்கள். எறும்பு தின்றாலும் சரி, பக்கத்து வீட்டுக்காரன் தின்னக்கூடாது. இந்த எண்களுக்கும் அதேதான் நடந்தது. திங்கட்கிழமையிலிருந்து அலுவலகத்தில் கூட்டம். எண் கணித ஜோசியரைக் கூடவே அழைத்துக்கொண்டு வந்தார் ஒருவர். அவர் என் மேசையில் உட்கார்ந்து, என் பென்சிலை வாங்கி, நான்கு துண்டையும் கூட்டிப் பார்த்து, இது ஆகும், இது ஆகாது என்று குறித்துக் கொடுத்தார். இன்னொருவரிடம் கணினியே இல்லை. “நம்பர் இருக்கட்டும், கம்ப்யூட்டர் தீபாவளிக்கு வாங்கிக்கலாம்” என்றார். புதிய நெறிமுறையைப் பற்றி ஒருவராவது வாயைத் திறக்க வேண்டுமே? ஒருவர்கூட இல்லை. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது. அந்தக் குரங்கைப் பிடித்து வைத்தவள் நான்தான் என்று நினைத்தபோது ஆத்திரத்தில் எனக்கு அழுகை வந்தது.

சொம்பு காலியானது. இந்த வட்டாரத்துக்கெல்லாம் எண்களைப் பங்கிட்டுத் தரும் மேலிடத்துக்கு எழுதி இன்னும் கேட்டோம். கொடுத்ததைப் பயன்படுத்திக் காட்டுங்கள், பிறகு தருகிறோம் என்று பதில் வந்தது. என்னத்தைக் காட்டுவது? பாதி எண்கள் எந்த வயரிலும் சேராமல், ராசி பார்த்து எடுத்த ஆட்களின் பெயரில் சும்மா தூங்கிக்கொண்டிருந்தன. அவற்றைத் திரும்ப வாங்குங்கள் என்று பாஸிடம் மன்றாடினேன். “குடுத்ததை எப்படிமா திருப்பிக் கேக்குறது? மரியாதையா இருக்காது” என்றார்.

அந்த நேரத்தில்தான் பெரிய வாடிக்கையாளர் ஒருவர் வந்தார். பழைய தோட்டங்களை வாங்கி, செம்பனையைச் சாய்த்து, வீடு கட்டி விற்கும் கம்பெனிக்காரர். அவருக்கு எண்கள் நிறைய வேண்டும், அறுந்து அறுந்து வேண்டாம், தொடர்ச்சியாக வேண்டும். பதுக்கியவர்கள் கை படாமல் தொடர்ச்சியாக இருந்தது ஒரே ஒரு பகுதிதான். அந்தப் பகுதியின் கடைசியில் சின்ன வாடிக்கையாளர்கள் இருந்தார்கள். அக்காவின் கடையும் அங்கேதான் இருந்தது.

பாஸ் என்னைக் கூப்பிட்டார். சின்னவர்களின் எண்களைத் திரும்ப எடுத்துக்கொள்ளச் சொன்னார். யாருக்கும் இல்லை என்று சொல்லத் தெரியாத மனிதருக்கு அன்றைக்கு மட்டும் அது நன்றாகவே வந்தது.

“திருப்பிக் கேட்டா மரியாதையா இருக்காதுன்னு சொன்னீங்களே, பாஸ்?”

“அது வேற, இது வேற லா. நீதானே ஹால்ல பேசின, அட்ரஸ் தீந்து போவுது, சிக்கனமா இருக்கணும்னு? நான் சிக்கனம்தான் பண்றேன். சின்னக் கஸ்டமர் எல்லாரையும் ஒரே அட்ரஸுக்குப் பின்னால போட்டுடு. நடுவுல ஒரு பெட்டி வச்சா போதும், அது மாத்தி மாத்தி அனுப்பிடும். மெயில் போவும், வெப் வரும். வேற என்ன வேணும் அவங்களுக்கு?”

“வெளியிலேருந்து அவங்கள யாராச்சும் கூப்பிடணும்னா?”

அவர் சிரித்தார். “யாருமா கூப்பிடப் போறா அவங்கள?”

ஒரே முகவரிக்குப் பின்னால் வாழ்வது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். நாங்கள் கேரி தீவில் ஒரு தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் வளர்ந்தவர்கள். லயத்து வீட்டுக்கு நம்பர் இருந்தது. ஆனால் அந்த நம்பர் தோட்டத்துக்குள் மட்டும்தான் செல்லும். வெளியுலகத்துக்கு எங்கள் அத்தனை குடும்பங்களுக்கும் சேர்த்து ஒரே முகவரி, தோட்ட ஆபீஸ். ஒரே டெலிபோன், அது கிராணியின் மேசைமேல். ஆபீஸ் கணக்கு எழுதும் அந்தக் கிராணி நினைத்தால்தான் வெளியிலிருந்து வரும் சொல் எங்கள் வாசலுக்கு வரும். நாங்கள் வெளியே போய்க் கிள்ளான் பாசார் சந்தையில் யாரிடம் வேண்டுமானாலும் பேசிவிட்டு வரலாம். வெளியில் இருக்கிறவர் எங்களைத் தேடினால் கிராணியைத் தாண்டி வர முடியாது.

எழுபதுகளின் கடைசியில் அக்கா பள்ளிக்கூடத்தில் கடைசி வகுப்பான ஐந்தாம் படிவம் முடித்துவிட்டு நர்ஸ் பயிற்சிக்கு மனுப் போட்டிருந்தாள். நேர்முகமெல்லாம் முடிந்து, காத்திருப்போர் வரிசையில் வைத்திருந்தார்கள். ஒருநாள் ஆபீஸுக்கு டெலிபோன் வந்தது. ஒரு பெண் விலகிவிட்டாள், நாளைக் காலையில் வந்து சேர்ந்துகொள்ளலாம் என்று. கிராணி சரி என்று சொல்லிவிட்டு டெலிபோனை வைத்தார். சம்பள நாளன்று அக்கா அம்மாவுக்குத் துணையாக ஆபீஸுக்குப் போனபோதுதான் அவருக்கு ஞாபகம் வந்தது. “அட, மறந்தே போச்சும்மா. அவசரம்னு அவங்க சொல்லலையே” என்றார். அம்மா ஆபீஸ் வாசலில் மண்ணை வாரித் தூற்றினாள். அக்கா அடுத்த மாதம் சுங்கை வேயில் ஒரு தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தாள். கிராணியைக் கெட்டவர் என்றுகூட நான் சொல்ல மாட்டேன். அத்தனை குடும்பங்களின் கதவும் ஒரு மனிதரின் ஞாபக சக்தியில் தொங்கிக்கொண்டிருந்ததே, அதைத்தான் நான் வெறுக்கிறேன்.

இதை அப்படியே பாஸிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். “பாவம்தான். ஆனா அது எஸ்டேட்மா, இது இன்டர்நெட்” என்றார். அந்தப் பெட்டியில் அக்காவின் கடைக்காவது உள்ளே வர ஒரு வழி விடுங்கள் என்றேன். ஒருத்தருக்கு விட்டால் எல்லோரும் கேட்பார்கள் என்றார். மாட்டேன் என்று சொல்லிவிட்டு நான் வெளியே வந்தேன். என் பக்கத்து மேசைக்காரன் அதே நாள் மாலையில் செய்து முடித்தான்.

அன்றைக்கே கிள்ளானுக்குப் போய் அக்காவிடம் சொன்னேன். அவள் கடையைப் பூட்டிக்கொண்டிருந்தாள். திரும்பாமலே கேட்டாள். “எண் தீந்துட்டதால...” என்று நான் ஆரம்பித்ததும் திரும்பிப் பார்த்தாள்.

“தீந்து போவும், தீந்து போவும்னு மேடை போட்டுப் பேசினியே, யாருக்குத் தீரும்னு சொன்னியா?”

நான் அதைச் சொல்லவில்லை. எல்லோருக்கும் ஒரே நாளில் தீரும் என்பது போலத்தான் பேசிவிட்டு வந்திருந்தேன். எந்தப் பஞ்சம் அப்படி வந்திருக்கிறது?

புதிய நெறிமுறையில் ஆராய்ச்சிக்காரர்கள் சோதனைக்கென்று ஒரு வலை வைத்திருந்தார்கள். அதில் கெஞ்சிக் கேட்டு அக்கா கடைக்கு எண் வாங்கினேன். எத்தனை கணினி வைத்தாலும் தீராத அளவு கிடைத்தது. ஒரு கணினியில் போட்டும் கொடுத்தேன். மறுமுனையில் யாருமே அந்த முறையில் இல்லை. ரஷ்யாவிலும் இல்லை, மதராஸிலும் இல்லை. பேசும் மென்பொருளுக்கே அந்த எண் என்னவென்று தெரியவில்லை. எல்லோரும் மாறினால்தான் பயன் என்று நானே பேசிய பேச்சு என் தலைமேலேயே வந்து விழுந்தது. சந்தையே இல்லாத ஊரில் கடை திறந்தவள் போல அந்தக் கணினி முன்னால் உட்கார்ந்திருந்தேன்.

ஞாயிறுகள் வந்தன. பெற்றோர் வந்தார்கள், உட்கார்ந்தார்கள், மணி அடிக்கவில்லை. விவரம் புரிந்தவர்கள் எண் வைத்திருந்த வேறு கடையைத் தேடிப் போனார்கள். கேரி தீவு அம்மா மட்டும் அதே ஓரத்துக் கணினி முன்னால் வந்து உட்கார்ந்தார். அக்கா தேநீர் கொடுப்பாள். கடைசி பஸ்ஸுக்கு நேரமானதும், “பரீட்சையா இருக்கும்” என்று அவரே சொல்லிக்கொண்டு எழுந்து போவார். அடுத்த வாரம், “கூட்டாளிங்களோட எங்கயாவது போயிருப்பான்” என்றார். அதற்கடுத்த வாரம் காரணம் ஒன்றும் சொல்லவில்லை. மகனுக்கு எழுதலாம் என்றால் அவன் மின்னஞ்சல் முகவரி யாரிடமும் இல்லை. லைனில் கோளாறு என்று அக்கா சொல்லிப் பார்த்தாள். பக்கத்துக் கணினியில் ஒரு பையன் ஜோராகப் படம் பார்த்துக்கொண்டிருந்தான். கோளாறு என்றால் அவர் எப்படி நம்புவார்?

ஒரு ஞாயிறு நான் போயிருந்தபோது, மகனிடமிருந்து கடைக்கு ஒரு மின்னஞ்சல் வந்திருந்தது. அக்கா அதை அச்செடுத்துக்கொண்டு அந்த அம்மாவிடம் ஓடினாள். அத்தனை நாள் கழித்து அவள் முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன். உரக்கப் படித்தாள்.

“ஆன்டி, கடையை மூடிட்டீங்களா? ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் கூப்பிட்டுப் பார்க்கிறேன். அங்க யாருமே இல்லைன்னு வருது. அம்மாகிட்ட எப்படியாவது சொல்லுங்க.”

அந்த அம்மா தாளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு கடையைச் சுற்றிப் பார்த்தார்.

“கடையை எங்கம்மா மூடினீங்க? தொறந்துதானே இருக்கு. யாரும் இல்லையாமா? நான் இந்த நாற்காலியிலதானே குந்தியிருந்தேன், எல்லா வாரமும். அப்புறம் ஏன் இப்படிப் பொய் எழுதுறான்?”

நான் குறுக்கே விழுந்து சொன்னேன். தாளைத் திருப்பிப்போட்டுப் படம் வரைந்தேன். கடை இங்கே, பெட்டி இங்கே, அவன் கூப்பிடுவது பெட்டியோடு நின்றுவிடுகிறது, அவன் பொய் சொல்லவில்லை, பொய் சொல்வது இந்தப் பெட்டிதான் என்றேன். தோட்டத்து ஆபீஸைச் சொன்னேன், கிராணியைச் சொன்னேன். பாஸ்மேல் இருந்த கோபம், ஜோசியர்மேல் இருந்த கோபம், மகன்களுக்கு எண் பதுக்கிய அந்த அங்கிள்மேல் இருந்த கோபம் எல்லாம் சேர்ந்து, பாவம், அந்த அம்மாவிடம் நான் கத்திக்கொண்டிருந்தேன்.

அவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

“கோவப்படாதம்மா. நீயும் படிச்ச புள்ள, அவனும் படிச்ச புள்ள. அவனுக்காகப் பரிஞ்சு பேசுற. நல்லா இரு.”

தாளை மடித்து மேசைமேலேயே வைத்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டார். வாசல்வரை போனவர் நின்று, அந்தக் கணினியைத் திரும்பிப் பார்த்தார்.

“கூப்பிட்டிருந்தா மணி அடிச்சிருக்கும்லம்மா?”

அடுத்த ஞாயிறு அவர் வரவில்லை.